பண்டாரியாக வந்த அண்ணன்

சூசை அண்ணன் வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

வெளியே கச்சான் காற்று. அந்த மாதங்களில் திரேஸ்புரத்தில் சோற்றை மூடாமல் வைத்தால் பாதிக்குப் பாதி மணலைத்தான் தின்ன வேண்டும். அண்ணனின் புருவம், மீசை, சட்டைக் காலர் எல்லாம் மணல். கையில் தூக்குச்சட்டி. அம்மா கொடுத்தனுப்பிய மீன்குழம்பு. அதைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

ஐந்து மாதமாக இதே கூத்து. குழம்பு உள்ளே வரும், அண்ணன் வரமாட்டார்.

"அண்ணே, உள்ள வாங்க."

"இருக்கட்டும்ளா."

"இங்கன என்ன புலியா கட்டிப் போட்டிருக்கு?"

உள்ளே என் வீட்டுக்காரர் லூர்து இடது காதில் பஞ்சோடு பாயில் சாய்ந்திருந்தார். (அவர் பெயரை இப்போது எழுதுகிறேனே தவிர, வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.) பக்கத்து வீட்டுக் கருவாட்டுக்காரி கமிலாக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நடுவில் தரையில் ஒரே ஒரு சோழி.

நாங்கள் மூவரும் விளையாடிக்கொண்டிருந்தோம். எங்கள் தோணி கொழும்புக்குப் போகும் வழியில் காற்றில்லாமல் நடுக்கடலில் நின்றுபோயிருந்தது. கமிலாக்காதான் தண்டல், அதாவது தோணியின் தலைவர். அவளுக்கு வேறு எந்த வேடமும் ஆகாது.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"சரி, சூசை வரவேண்டாம். எங்க தோணிக்குச் சோறாக்க ஒரு பண்டாரி இல்லாம பட்டினி கெடக்கோம். பண்டாரியா வாரியளா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். தரையிலிருந்த சோழியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கயிறு தொடணுமா?"

"பண்டாரிக்கு எதுக்குக் கயிறு? அகப்பை போதும்."

செருப்பைக் கழற்றினார். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் அண்ணன் என் வீட்டுக்குள் கால் வைத்தார். சூசையாக அல்ல, பண்டாரியாக.

அம்மை போட்ட அறை

கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா 'உங்கள் வீட்டுக்காரரை ஏன் பேசவே விடவில்லை' என்று கேட்டிருந்தார். இந்த வாரம் பேசுவார். அதற்கு முன் இந்த விளையாட்டைச் சொல்லிவிட வேண்டும்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. கன்னியாஸ்திரிகளின் ஹாஸ்டலில் நான் படித்தபோது ஆறு பேருக்கு ஒரே வாரத்தில் அம்மை போட்டுவிட்டது. ஆறு பேரையும் கடைசி அறையில் போட்டுப் பூட்டாத குறையாக வைத்திருந்தார்கள். புத்தகம் கிடையாது. ஜன்னல் திறக்கக் கூடாது. உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்தால் அடி.

அந்த ஆறு பேரில் ஒருத்தி ஞானம். நாசரேத்துக்காரி, வாத்தியார் மகள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். அவள்தான் முதல் நாள் கேட்டாள்: "நீ இப்போ அம்மைக்காரி இல்ல. நீ யாரு? காலுக்குக் கீழ என்ன கெடக்கு? மூக்குல என்ன வாடை?"

அவ்வளவுதான் விளையாட்டின் வாசல். யார் என்று மட்டும் சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டாள். 'நான் ராணி' என்றால் 'அதெல்லாம் யாரும் சொல்லலாம், காலுக்குக் கீழ என்ன?' என்பாள். நான் 'கம்பளம்' என்றேன். 'எந்தக் கம்பளம்? குத்துதா, வழுக்குதா?' என்றாள். பதில் சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் உண்மையாகவே உள்ளங்காலில் கம்பளம் குத்தியது. அரிப்பு மறந்துபோனது.

கதைக்குள் போகும்போது ஒரு சோழி வைக்க வேண்டும். கதைக்குள் இருக்கும் ஆள் உட்கார்ந்து இன்னொரு கதை சொல்லத் தொடங்கினால் இரண்டாவது சோழி. இப்போது எல்லோரும் அந்த இரண்டாவது கதையின் ஆட்கள். அதில் யார் வேண்டுமானாலும் ஆகலாம். 'நான்தான் அந்தக் காவல்காரன்' என்று முந்திச் சொல்பவருக்கு அந்த வேடம். மூன்றாவது கதை என்றால் மூன்றாவது சோழி. திரும்பும்போது ஒவ்வொரு சோழியாக எடுத்துக்கொண்டேதான் வர வேண்டும். குறுக்கே குதித்து வெளியே ஓடக் கூடாது.

ஒன்று மட்டும் மீறவே கூடாதது: உள்ளே சொன்னதை வெளியே வந்து கேட்கக் கூடாது. அறையில் ஒரு பெண் தன் சித்தி சூடு வைத்ததை ஏதோ ஒரு ராட்சசி கதையாகச் சொன்னாள். அவள் தொடையைப் பார்த்த எங்களுக்கு விஷயம் புரிந்தது. யாரும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் பங்குப் பழம் அவளுக்குப் போனது.

நான் டீச்சரான கதை

படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் கோயிலில் செபங்களையெல்லாம் மாற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக எங்கள் கரையில் சொல்லிவந்த பழைய தமிழ்ச் செபங்கள் போய்ப் புதுத் தமிழ் வந்தது. பிரியதத்த மந்திரம் என்று எங்கள் ஆட்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் மாதா மந்திரம், புதிய வார்த்தைகளோடு அருள் நிறை மந்திரம் ஆனது.

தெருவுக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டார். எங்கள் தெருவுக்கு நான். சாயங்காலமானால் வீட்டுக்குள் பதினைந்து பிள்ளைகள், பின்னால் பெரியவர்கள்.

எனக்குத் தலைக்கனம் ஏறியது. மறைக்க என்ன இருக்கிறது? சாமியார் 'மெள்ள மெள்ளப் பழகட்டும்மா' என்றுதான் சொன்னார். நான் அவரை மிஞ்சினேன். நானாக இரண்டு சட்டம் போட்டேன். பழசைச் சொன்னால் பாவம். நடுவில் நாக்கு தப்பிப் பழசு வந்துவிட்டால் அது கணக்கில் சேராது, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

சூசை அண்ணன்தான் என்னுடைய மோசமான மாணவர். "ஏளா, நாப்பது வயசுக்கு மேல நாக்க எங்கன போயிப் புதுசா வாங்க?" என்பார். நான் விடுவதாக இல்லை. "பாவம்ணே. மொதல்லருந்து சொல்லுங்க." அவரும் தலையைச் சொறிந்துகொண்டு முதலிலிருந்து சொல்வார். தங்கை படித்தவள் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

கயிறு யார் கையில்

எங்கள் கரையில் முத்துக் குளிப்பு நின்று வருடங்கள் ஆகியிருந்தன. சங்குக் குளிப்பு மட்டும் நடந்தது. முங்குகிறவர் காலில் கல்லைச் சேர்த்துக்கொண்டு ஏழெட்டு ஆள் ஆழம் இறங்குவார். அவர் உயிர் மேலே கயிறு பிடித்திருப்பவர் கையில். அதனால் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் கயிறு பிடிப்பது எங்களிடம் வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எந்த மச்சான் சம்மதிப்பான்?

மூச்சு முட்டினால் கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டுவார், மேலே இருப்பவர் இழுப்பார். சுண்டாவிட்டாலும் இழுத்தே தீர வேண்டிய நேரம் ஒன்று உண்டு. தோணியில் கடிகாரமா இருந்தது? வேகமாக ஐந்து பிரியதத்த மந்திரம். ஐந்தாவது முடிந்ததும் கேள்விமுறை இல்லாமல் இழுக்க வேண்டும். எங்கள் அப்பாவும் அப்படித்தான் எண்ணினார், அவருக்கு முந்தியவரும் அப்படித்தான்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாசியில் ஒருநாள், லூர்து கீழே மயங்கிவிட்டார். கயிற்றைச் சுண்டவில்லை. அண்ணன் இழுத்தபோது நேரம் கடந்திருந்தது. மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு தூக்கிவந்தார்கள். உயிர் தப்பியது. இடது காது போனது.

கரையில் எல்லோரும் அண்ணனைச் சுற்றி நின்று கேட்டார்கள். "கண்ணு வேற தோணி மேல போயிருச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து 'கண் போன சூசை' என்று பெயர் வைத்தார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. கயிற்றைச் சுருட்டி என் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போனவர்தான், அதற்குப் பிறகு படியைத் தாண்டவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும். கயிறு கையில் இருக்கும்போது வேறு தோணியில் என்ன பார்வை?

ஆனால் லூர்து ஒரே பிடியாக இருந்தார். டாக்டர், அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றிருந்தார். "எறங்குவேன். ஆனா மச்சான் புடிச்சாத்தான் எறங்குவேன். வேற எவன் புடிச்சாலும் எறங்கமாட்டேன்." அண்ணனோ சாகுபுரத்தில் ஒரு வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவைத்து, அடுத்து வரும் ஒன்றாம் தேதி சேர்வதாக ஒத்துக்கொண்டுவிட்டார். கடலே வேண்டாமாம். தகரப் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது.

ஒன்றாம் தேதிக்குள் அண்ணனைத் திரும்பக் கொண்டுவருவது என்று நான் முடிவு செய்தேன். நான் ஒன்றை முடிவு செய்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

குடத்துக்குள் ஒரு குரல்

பண்டாரி தினமும் வந்தார். மத்தியானம் காற்று ஏறியதும் வருவார், படியில் நிற்பார். நான் சோழியை வைப்பேன். கமிலாக்கா, "யாருலே அது தோணியில ஏறுதது?" என்று அதட்டுவாள். "பண்டாரி." "காலுக்குக் கீழ?" "எண்ணெ சிந்தின பலகை." "மூக்குல?" "வெங்காய மூட்டை." "ஏறு." அதற்குப் பிறகுதான் உள்ளே வருவார்.

கதைக்குத் தோதாக நானும் என்னென்னவோ செய்தேன். கொழும்பு வந்தால் பட்டையையும் கிராம்பையும் கசக்கி எல்லோர் மூக்கிலும் காட்டுவேன். உப்பளம் வந்தால் தரையில் கல்லுப்பைக் கொட்டி வெறுங்காலில் நடக்கவிடுவேன். மழைக்கு நனைந்த சாக்கு. கிணற்றுக்குச் செப்புக் குடம்: காலிக் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் அசல் கிணற்றுக் குரல் வரும். லூர்து மட்டும் வலது காதைத் திருப்பிக்கொண்டு, "ஏளா, சத்தமா" என்பார்.

ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. தோணியில் இன்னும் காற்று வரவில்லை. தண்டல் கேட்டாள்: "பண்டாரி, ஒரு கத சொல்லும். பசியாவது மறக்கட்டும்."

அண்ணன் அதுவரை கதை சொன்னதே இல்லை. மற்றவர் கதைகளில் ஓரமாகச் சோறு பொங்கிக்கொண்டிருப்பார். அன்றைக்குத் தானே கையை நீட்டி இரண்டாவது சோழியை வைத்தார்.

"ஒரு ஊர்ல ஒரு கெணறு. தூர் வார ஒருத்தன் உள்ள எறங்குதான். ஒருத்தன் மேல நிக்கான்."

"நான்தான் எறங்குனவன்" என்று லூர்து முந்திக்கொண்டார்.

"மேல நிக்கவன் என்ன செய்யுதான்?" என்றாள் கமிலாக்கா.

"எண்ணுதான். எண்ணிக்கிட்டே கீழ உள்ளவனுக்கு ஒரு கத சொல்லுதான்."

சொல்லிவிட்டு மூன்றாவது சோழியை வைத்தார். பிறகு குடத்தை இழுத்து அதற்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை.

கமிலாக்காவுக்கே குரல் இறங்கிவிட்டது. "யாரு நீ? காலுக்குக் கீழ என்ன?"

"ஈரக் கயிறு" என்றது குடம்.

"மூக்குல?"

"தார் வாடை. சங்குக்குள்ள செத்த சதை வாடை."

காற்று கதவை இடித்தது. யாரும் எழுந்து போய்த் தாழ் போடவில்லை.

"ஒருத்தனுக்கு ஒரு தங்கச்சி. படிச்சவ. அவனுக்குப் புது மந்திரம் சொல்லிக் குடுத்தா. பழசு பாவம்னா. அன்னைக்கு இவன் மாப்ள முங்கியிருக்கான். பாவத்த எண்ணி மாப்ளய எறக்கக் கூடாதுன்னு இவன் புதுசச் சொல்லுதான். மூணாவதுல நாக்கு பழசுக்குப் போயிட்டு. தப்புனா மொதல்லருந்துன்னு அவ சொல்லியிருக்கால்லா? மொதல்லருந்து சொல்லுதான். திருப்பியும் போயிட்டு. திருப்பியும் மொதல்லருந்து..."

குடத்துக்குள் மூச்சு இரைத்தது.

"அவன் கண்ணு எங்கனயும் போவல. கயித்தத்தான் பார்த்துக்கிட்டிருந்தான்."

கமிலாக்கா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே கேட்டாள்: "பொறவு ஏன் அவன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா பழி அவளுக்குல்லா போவும். புருசன் காதுல ரத்தத்தோட கெடக்கான். அந்த நேரம் போயி, ஒன்னாலதாம்ளான்னு சொல்லச் சொல்லுதியளா?"

ஐந்து மாதமாக நான் மனதுக்குள் திட்டிய திட்டெல்லாம் என் மேலேயே வந்து விழுந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் மூன்று சோழி தரையில் கிடக்கிறது, குறுக்கே குதித்து ஓடக் கூடாது. சோழியை எடுத்துவிட்டாலோ எதையும் பேச முடியாது. பேசுவதென்றால் உள்ளே இருக்கும்போதே பேச வேண்டும்.

"நான்தான் அந்தத் தங்கச்சி" என்றேன்.

குடம் அசையவில்லை. கமிலாக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விளையாட்டு முறை தவறாமல் கேட்டாள். "காலுக்குக் கீழ?"

"சிமிண்டுத் தரை. சில்லுன்னு இருக்கு."

"மூக்குல?"

"இவுக காதுக்கு விடுத மருந்து வாடை." பிறகு குடத்தைப் பார்த்துச் சொன்னேன். "பாவம்னு பங்குச் சாமி சொல்லல. மொதல்லருந்து சொல்லணும்னும் சாமி சொல்லல. ரெண்டும் நானாச் சொன்னது. பெரிய டீச்சருன்னு நெனப்பு எனக்கு."

லூர்து வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் அந்த மாப்ள" என்றார்.

"காலுக்குக் கீழ?"

"சேறு."

"மூக்குல?"

"தண்ணிக்குள்ள என்ன வாடைக்கா தெரியும்? கிறுக்கா ஒனக்கு?"

கமிலாக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். லூர்து சிரிக்கவில்லை. குடத்துப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "கண்ண முழிச்சப்போ ஒருத்தன் என் வாயோட வாய வச்சு ஊதிக்கிட்டிருந்தான். அவன் கையிலதான் நான் கயித்தக் குடுப்பேன். வேற எவன் கையிலயும் குடுக்கமாட்டேன்."

அண்ணன் குடத்திலிருந்து முகத்தை எடுத்தார். நெற்றியில் குடத்து விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. மூன்றாவது சோழியை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். முதலாவதை என்னிடம் தள்ளினார். படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பழசு

அடுத்த மூன்று நாள் பண்டாரி வரவில்லை. குழம்பும் வரவில்லை. அம்மா வீட்டில் தகரப் பெட்டிக்குப் பூட்டு வாங்கியாகிவிட்டது என்று கமிலாக்கா வந்து சொன்னாள்.

உள்ளே கேட்டதை வெளியே கேட்கக் கூடாது. நான் போய் 'அண்ணே, மன்னிச்சிருங்க' என்று காலில் விழுந்தால், அவர் கதைக்குள் வைத்துச் சொன்னதைத் தெருவில் இழுத்துப் போட்டது போலாகும். அது எனக்குத் தெரிந்தது. சும்மா இருக்கவும் முடியாது. என்ன செய்யலாம் என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் சாயங்காலம். மறுநாள் ஒன்றாம் தேதி. வழக்கம்போல் பிள்ளைகள் செபத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். தூக்குச்சட்டியோடு அண்ணன் படியில் வந்து நின்றார். விடைபெற வந்திருக்கிறார் என்று சலவைச் சட்டையைப் பார்த்ததும் தெரிந்தது.

நான் அவரைக் கூப்பிடவில்லை. சிலுவை போட்டுவிட்டு மந்திரத்தைத் தொடங்கினேன். பிரியதத்த மந்திரம். பழசு.

பிள்ளைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. முன்வரிசைப் பெண் ஒருத்தி, குணத்தில் என்னையே உரித்து வைத்தவள், கையைத் தூக்கினாள். "அக்கா, இது பழசுல்லா!"

"பழசுதான்."

"பழசு பாவம்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன். தப்பாச் சொன்னேன். பாவமில்ல. சாமிகிட்ட வேணும்னாக் கேளு. நடுவுல தப்புனா மொதல்லருந்து சொல்லச் சொன்னதும் தப்பு. நாக்கு தப்பினா தப்பட்டும், விட்ட எடத்துல இருந்து மேல போங்க."

பதினைந்து பிள்ளைகள், அவர்களின் அம்மாமார், கமிலாக்கா எல்லோர் முன்னாலும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய பாடங்களில் அதுதான் கடினமானது.

முதல் மந்திரம் நான் மட்டும் சொன்னேன். இரண்டாவதில் கமிலாக்காவும் மற்ற பெண்களும் சேர்ந்தார்கள். மூன்றாவதில் லூர்து. நான்காவதில் படியிலிருந்து ஓர் ஆண் குரல், தோணியில் சொல்லும் அதே வேகத்தில். எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு போனது. ஐந்தாவது முடிந்தபோது குரல் என் பின்னால் கேட்டது.

அண்ணன் உள்ளே வந்திருந்தார். சோழி வைக்கவில்லை. யார் என்றும், காலுக்குக் கீழே என்ன என்றும், மூக்கில் என்ன வாடை என்றும் யாரும் அவரைக் கேட்கவில்லை.

நேரே சுவருக்குப் போனார். மாசியிலிருந்து தொங்கிய கயிற்றை எடுத்து இரண்டு கையாலும் சாண் சாணாக முறுக்கிப் பார்த்தார்.

"காஞ்சு கட்டையாப் போச்சு. நல்லா நனையணும்" என்றார்.

"மச்சான் என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார் லூர்து.

நான் அவர் வலது காதில் கத்தினேன். "கயிறு நனையணுமாம்!"

லூர்து குசினிக்குள் போய் அந்தச் செப்புக் குடத்தைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு வந்தார்.